காட்டியதா குற்றம்?

திரையிலே நிறவெறியைக் காட்டிய இயக்குநர் நிறவெறியரா? தோழர்கள் கேட்கின்றனர். நோயை விளக்கும் மருத்துவரை நோய் பரப்புவோர் என்போமா? மாட்டோம். ஆனால், நோயே நலமென்று புகழ்ந்தால்?

அமெரிக்கப் படங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

1915-இல் கிரிஃபித் எடுத்த படம் 'ஒரு நாட்டின் பிறப்பு'. வெள்ளையர் முகத்திலே கரி பூசிக் கறுப்பினத்தவராய் நடித்தனர். கஸ் என்னும் கறுப்பினத்தவனைக் கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் கொல்கிறது. கொன்றவரைக் காவலர் என்று படம் போற்றுகிறது! வெள்ளை மாளிகையிலும் அது திரையிடப்பட்டது. அதே ஆண்டு ஜார்ஜியாவிலே கிளான் மீண்டும் உயிர்பெற்றது.

1920-இல் ஆஸ்கார் மிஷோ என்னும் கறுப்பின இயக்குநர் 'நம் வாயில்களுக்குள்' என்ற படத்தைத் தந்தார். அதிலும் வெறிக்கும்பல் உண்டு, கொலை உண்டு. ஆனால் மாள்வோர், பொய்ப்பழி சுமந்த உழவரும் அவர் மனைவியும். 1919-இன் இனக்கலவரம் மறவாத சிகாகோவில், தணிக்கையாளர் முதலில் அதற்கு ஒப்புதல் மறுத்தனர். காட்சியைக் கண்டு அஞ்சினர். கருத்தைக் காணத் தவறினர்.

கிரிஃபித்தின் கலைத்திறன் பெரிது என்பர். ஒப்புகிறோம். கூர்மை கத்திக்குப் பெருமை. குத்துண்டவனுக்கு அது ஆறுதலா?

இருவரும் காட்டியது ஒரே கொடுமை. ஒருவர் நம்மைக் கைதட்டச் சொன்னார். மற்றவர் நெஞ்சு கொதிக்கச் செய்தார்.

எனவே, "கொடுமையைக் காட்டினாரா?" என்பதோடு நில்லாதீர். "யார் பக்கம் நின்று காட்டினார்?" என்று கேளுங்கள். தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது!