யாருடைய காட்டில்?

போன வாரம் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ராத்திரி முழுக்க போர் போட்டார்கள். தூக்கம்தான் போயிற்றே என்று இறங்கிப் போய் லாரியின் நம்பரைப் பார்த்தேன். டிஎன் 34. திருச்செங்கோடு. வடக்கே பல மாநிலங்களிலும் பூமியைத் துளைப்பது இந்த ஊர் ரிக்குகள்தான். மழையை நம்பிச் சோளமும் கடலையும் போட்ட வறண்ட பூமிக்காரர்கள், தண்ணீர் தேடுவதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்.

'வளரும் நகரம்' என்று பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில் இந்த ரிக், விசைத்தறி, காலேஜ், அர்த்தநாரீஸ்வரர் மலை எல்லாம் தவறாமல் இருக்கும். யாருடைய காட்டில் ஊர் வளர்ந்தது என்பது இருக்காது. (கொங்கு நாட்டில் காடு என்றால் புலி இல்லை சார், விவசாய நிலம்.)

அதற்கு நீங்கள் பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' படிக்க வேண்டும். 1991ல் வந்த அவருடைய முதல் நாவல். வீட்டுவசதிக் காலனிக்காக ஒரு குடும்பத்தின் நிலம் போகிறது. சின்ன இடத்துக்குக் குடி மாறுகிறார்கள். அந்த வீட்டுப் பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். சர்க்கார்தான் வில்லன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நிலம் போனது ஆரம்பம்தான். அதன்பின் சொந்தக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் பார்க்கும் பார்வை மாறுகிறதே, அதுதான் நாவல். 1942ல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதியபோது கொங்குக் கிராமத்தில் சண்டை, நிலத்தைப் பங்கு போடுவதில். ஐம்பது வருஷத்தில் பங்கு போட நிலமே இல்லை.

குறையும் உண்டு. எல்லாமே சரிவு. காட்டு வேலையிலிருந்து தப்பித்து டவுனில் நிம்மதியாக மூச்சு விட்டவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். வட்டாரப் பேச்சும் நம்மூர்க்காரர்களுக்கு முதல் இருபது பக்கம் தகராறு செய்யும். விட்டுவிடாதீர்கள்.

'எங்கேயோ கொங்கு நாட்டுச் சமாசாரம், நமக்கென்ன?' என்பவர்கள் ஒரு நடை மேற்கு மாம்பலம் போய்வரலாம். அங்கே லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. 1920களில் தொடங்கி, நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் நாம் புடவை வாங்கும் தி. நகரை உண்டாக்கினார்கள். அந்த ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்த குடும்பங்களைப் பற்றி ஒரு 'ஏறுவெயில்' என் கண்ணில் பட்டதில்லை. ரோட்டின் பேர்தான் மிச்சம்.

எங்கள் தெரு போர், விடிகிறவரை புழுதிதான் கக்கிக்கொண்டிருந்தது.