தேசவழமையும் தீவகமும்: ஒரு விமரிசன நோக்கு

ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தவரின் வழமைகளைக் காத்தனர் என்பது பலராலும் சொல்லப்பட்டு வரும் கருத்து. தேசவழமைக்கு முழுச் சட்டவலுவளித்த 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயின், காக்கப்பட்டது எவருடைய வழமை என வினவின் இக்கருத்து மீளாய்வுக்குரியதாகின்றது. ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு ஈறாகவுள்ள தீவகத்தை நோக்குமிடத்து இது தெளிவாகும்.

தேசவழமை மக்கள் கூடி இயற்றிய நூலன்று. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707ஆம் ஆண்டுகளில் அதனைத் தொகுத்தார். அதன் தமிழ்ப் பெயர்ப்பைப் பார்வையிட்டு ஒப்பியோர் பன்னிரு முதலியார்கள். அவர்களுட் பெண்கள் இலர்; அடிமைகளும் இலர். நூலின் தலைப்புகள் வழியுரிமை, சீதனம், தத்து, காணி, நன்கொடை, ஒற்றி, வாடகை, விற்பனை, அடிமை, வட்டிக்கடன் என அமைகின்றன. கடலுக்கெனத் தனித்தலைப்பு எதுவுமில்லை. தோணியும் வலையும் கொண்டு வாழ்ந்த தீவகத்தவர்க்கும் நிலவுடைமையாளரின் கண்ணோட்டமே சட்டமாயிற்று.

அடிமை பற்றிய பகுதி மேலுமொன்றை உணர்த்துகின்றது. 1806இல் வழமையென ஏற்கப்பட்ட அடிமைமுறை, 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழித்தமை போற்றற்குரியதே. எனினும், வழமையுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதைத் தீர்மானித்தவர் ஆட்சியாளரே என்பது இதனாற் புலனாகும்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்துரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டமே முழுமையாக வழங்கியது. தேசவழமையோ அதற்கு நெடுங்காலம் முன்னரே சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகக் கொண்டது. ஆயின் உடைமை வேறு, ஆளுகை வேறு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாகவுரிமை, வழியுரிமைச் சட்டம், மனைவி தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டிநின்றது.

இவ்விதி வணிகத்தைத் தொட்ட இடம் கவனிக்கத்தக்கது. புங்குடுதீவு, வேலணை முதலிய ஊர்களின் ஆடவர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைவைத்து வாழ்ந்தனர். குடும்பங்கள் பல ஊரிலேயே தங்கின. கடைக்கு முதல் வேண்டின், ஈடுவைக்கவோ விற்கவோ கூடிய பொருள்களுள் மனைவியின் சீதனக் காணியும் ஒன்று. விற்பதாயின் வழியுரிமையாளரும் பங்காளிகளும் முன்னீட்டுரிமை கோரலாம். காணியின் உடைமையாளரோ ஊரில். சம்மதம் தரவேண்டியவரோ கொழும்புக் கடையில். தலைவன் வீட்டிலிருந்து நிலம் பயிரிடும் குடும்பத்தைக் கருதிய விதி, கடல்கடந்து பொருள்தேடும் குடும்பத்துக்குப் பொருந்தாமையை இது காட்டும்.

இது பழங்கதையன்று. 2009இல் முடிவுற்ற போரிற் கணவனைக் காணாதிழந்த தீவகப் பெண், தன் சொந்தக் காணியை விற்பதற்கும் அச்சம்மதத்துக்கு ஈடாக மாவட்ட நீதிமன்றத்தின் ஆணையை நாடவேண்டியவளானாள்.

வாய்மொழியாய் வழங்கிய வழமை காலத்தோடு மாறும் இயல்பினது. எழுத்திற் பதிந்து சட்டமாக்கப்பட்டபின் அதனை மாற்றும் அதிகாரம் ஊரவரை விட்டு மன்றங்களையும் சட்டசபைகளையும் சென்றடைந்தது. ஆகவே 1806ஆம் ஆண்டு விதி வழமையைக் காத்தது என்பது பாதி உண்மையே. வழமையின் வளர்ச்சியைத் தடுத்தது என்பது மற்றைப் பாதி. அந்நியர் தந்த சட்டமென இதனைத் தள்ளிவிடுவதும், முன்னோர் தந்த மரபெனத் தொழுவதும் ஒருங்கே தவறாம். அன்று கேளாது விடப்பட்டோரின் குரலுக்கு இன்று செவிசாய்த்துத் திருத்துவதே அறிவுடைமையாகும்.