கொன்றவன் பெயர் இல்லாத பேய்க்கதைகள்

விடுமுறைக்குத் தாத்தா ஊருக்கு வருகிறான் பத்தாம் வகுப்புப் பையன். ஊர்க்கோடியில் ஒரு பாழ்மண்டபம், நள்ளிரவில் ஓர் உருவம். அது சொல்லச் சொல்ல ஊர் வரலாறு விரிகிறது. இடையே ஒரு சுரங்கப்பாதை, ஒரு கல்வெட்டு, ஒரு புதிர். கடைசி அத்தியாயத்தில் புதிர் அவிழ்ந்ததும் ஆவி நன்றி சொல்லி மறைகிறது; பள்ளிக்கூடம் திறக்கும் முன் பையன் ஊர் திரும்புகிறான். இளையோர் நாவல் என்ற பெயரில் தமிழில் இன்று பெருகிவரும் வார்ப்பு இது. பாடப்புத்தகத்தில் வரலாற்றைக் கண்டால் ஓடும் பிள்ளைகளைப் பேயைக் காட்டியாவது சொந்த ஊரின் கதைக்குள் இழுத்து வருகிறோம் என்று இதற்கு நியாயமும் சொல்லப்படுகிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரம் பெற்ற பிறகு அந்த நியாயத்துக்கு வலு கூடிவிட்டது.

இவ்வகை எழுத்தின் பலன்களை மறுக்கவில்லை. பிள்ளைகள் இவற்றை விரும்பிப் படிக்கிறார்கள். சென்னையையும் மதுரையையும் தாண்டிச் சிற்றூர்களும் கதைக்களம் ஆகின்றன. பேய் வந்தாலே மூடநம்பிக்கை என்று சிவப்புக்கொடி காட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் பெற்ற மொழி பேயைக் கண்டு கூச்சப்பட வேண்டியதில்லை. 1990களில் சன் தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஊர்க்கோயிலும் மர்மமும் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித்தர வேண்டாம்.

என் மறுப்பு ஒன்றே ஒன்றுதான், நெடுநாளாகச் சொல்லிவருவது. இந்தக் கதைகளில் பேய் எப்படிப் பேயானது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பழைய போர், பகை அரசன், துரோகி மந்திரி என்று பதில் வருகிறது. கொன்றவனின் வழிவந்தவர்கள் இன்னும் அதே ஊரில், அதே நிலத்தில் இருக்கிறார்களா என்ற கேள்வி எழுவதே இல்லை. 'ஆதனின் பொம்மை' இன்றைய சிறுவனைக் கீழடியின் பழங்காலத்தோடு சேர்த்துவைக்கும் நாவல். அதில் பேய் இல்லை, அதனிடம் எனக்குச் சண்டையும் இல்லை. ஆனால் அதை எல்லாவற்றுக்கும் முன்மாதிரியாகக் காட்டுவது தவறு. கீழடியின் ஆதனுக்கும் நமக்கும் நடுவில் 2,600 ஆண்டுத் தொலைவு இருக்கிறது. அவனைப் பற்றி என்ன எழுதினாலும் இன்று யாருடைய முகமும் சுருங்காது. பக்கத்துத் தெருவில் வெட்டுப்பட்டுச் செத்தவனின் கதைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

நெல்லைச் சீமையின் களக்காட்டையே எடுத்துக்கொள்வோம். இந்த வார்ப்புக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது. மேற்கே புலிகள் காப்பகமான மலைக்காடு, தலையணை அருவி, பச்சையாறு. ஊருக்குள் சத்தியவாகீசுவரர் கோயில். அதன் இசைத்தூண்கள், கோபுரத்துக்குள் பழைய ஓவியங்கள். 16ஆம் நூற்றாண்டில் வேணாட்டு அரசர்கள் தங்கியிருந்து ஆண்ட ஊர். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரும் ஆற்காட்டு நவாபின் படையும் பிடுங்கிக்கொள்ள முட்டிமோதிய ஊர். ஒரு வேணாட்டு இளவரசனின் ஆவி கோயிலுக்கடியில் புதையலைக் காக்கிறது, களக்காட்டுப் பையன் தூணைத் தட்டி அதன் ஓசையில் வழியைக் கண்டுபிடிக்கிறான் என்று இரண்டு வாரத்தில் ஒரு நாவல் எழுதிவிடலாம். விற்கவும் செய்யும்.

ஆனால் அந்த வட்டாரத்து மக்களிடம் புதையலைப் பற்றி ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. களக்காட்டுக்குப் பக்கத்துத் திருக்குறுங்குடியைச் சேர்ந்தது சின்னத்தம்பி கதை. சின்னத்தம்பி சக்கிலியர் குலத்து இளைஞன், வீரன். பூதம் காக்கும் புதையலுக்காக மேல்சாதிக்காரர்கள் அவனை நரபலி கொடுத்தார்கள் என்கிறது வில்லுப்பாட்டு. சாகச நாவலில் புதையல் என்பது பையனின் புத்திசாலித்தனத்துக்குக் கிடைக்கும் பரிசு. சின்னத்தம்பி கதையிலோ புதையல்தான் கொலைக்குக் காரணம். ஒரே மண், ஒரே மலையடிவாரம். ஒரு கதை புதையலைத் தேடுகிறது. இன்னொன்று அதற்காக யாரை வெட்டினார்கள் என்று கேட்கிறது. இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை உள்ளூர் வரலாறு என்று பிள்ளைகள் கையில் கொடுப்பதை நான் வரலாற்று மோசடி என்றே சொல்வேன்.

சின்னத்தம்பி தனியாள் இல்லை. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கும்பிடப்படும் முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலத்துச் சகோதரிகளை மணந்த பிராமணன். மாடு கவர வந்தவர்களோடு போராடிச் செத்தான். அவன் சிதையில் இருவரும் விழுந்தார்கள். அவனுக்கு இன்றும் காணிக்கை தோல்செருப்பு. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை 1971இல் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்ற பகுதி சாதிக்கலப்பை மறைக்கப் பின்னால் சேர்க்கப்பட்டது என்று அவர் வாதிட்டார். ஆக, சங்கடமான சாவைத் துடைத்து வைக்கும் வேலை இன்று தொடங்கியதல்ல. இளையோர் நாவல்கள் அதை முழுமையாக்குகின்றன, அவ்வளவுதான்.

அகாலமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கும் இந்த மரபில் அரசர்களும் உண்டு. வள்ளியூரின் ஐவர் ராசாக்கள் கதையில் குலசேகர பாண்டியன் தெய்வமாவது வென்றதால் இல்லை. தோற்று, சிறைப்பட்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டதால்தான். 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டைவரிசையைப் பிடித்த சண்டையில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலேயக் கேப்டனுக்குத் திருநெல்வேலிச் சீமையில் சாராயமும் சுருட்டும் படைத்ததைக் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். அந்நியன், எதிர்ப்படைக்காரன் என்று ஊர் ஒதுக்கவில்லை. இந்த மண்ணில் அகாலமாக விழுந்தவனுக்கு இந்த மண் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கயிலாயத்தில் பிறந்த தெய்வங்களின் கதைகளையும் மண்ணில் கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகளையும் பிரித்துக் காட்டினார். பின்னவற்றில் சாமியாட்டம் உச்சம் கொள்வது சாவுக் கட்டத்தில். சாமியாடும் கோமரத்தாடியின் உடலில் அந்தச் சாவு மறுபடி நிகழ்ந்தாக வேண்டும். அதைத் தாண்டிக் கொடை விழா நகராது.

புதிய கதைகள் செய்யும் ஆகப் பெரிய தவறு அவற்றின் முடிவில் இருக்கிறது. பையன் ஆவிக்கு விடுதலை வாங்கிக் கொடுக்கிறான், ஆவி வானத்தில் கரைகிறது, ஊர் நிம்மதி அடைகிறது. நெல்லைச் சீமையில் செத்தவர்கள் அப்படிப் போவதில்லை. பீடம் போட்டு மஞ்சணை சார்த்தி, ஆண்டுதோறும் சாமக்கொடையில் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, சாவைப் பாடிக்காட்டி, படையல் வைக்க வேண்டும். சில கோயில்களில் கொன்றவர்களின் சந்ததியும் அங்கே வந்து நிற்கிறது. கொடை என்பது தீராத கடனை ஊர் ஒப்புக்கொள்ளும் சடங்கு. நாவலோ அந்தக் கடனைப் புதிராக மாற்றிவிடுகிறது. புதிர் அவிழ்ந்தால் தீர்ந்தது, கடன் தீராது. ஊர் பட்ட கடனை விடுமுறைக்கு வந்த ஒரு பையனின் மூளையைக் கொண்டு ரத்து செய்வது எந்த நியாயம்?

குழந்தைகளிடம் சாதிக்கொலையைப் பேசலாமா என்று கேட்கிறார்கள். நெல்லைச் சீமைப் பிள்ளைகள் எப்போது அதைக் கேட்காமல் வளர்ந்தார்கள்? கொடை ராத்திரியில் அம்மா மடியில் தூங்கும் பிள்ளையும் வரத்துப்பாட்டு தொடங்கியதும் விழித்துக்கொள்கிறது. வெட்டும் குத்தும் தீயில் விழுவதும் அதன் காதில் விழுகின்றன. அந்தப் பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை. தாங்கும் சக்தி அவர்களுக்கு உண்டு. எழுதத் தயங்குகிறவர்கள் பெரியவர்கள். தங்கள் தயக்கத்துக்குப் பிள்ளைகளைக் காரணம் காட்டுகிறார்கள்.

சாகசத்துக்கும் உண்மைக்கும் ஒத்துவராது என்ற பேச்சும் எடுபடாது. 2017இல் வந்த 'கோகோ' படத்தில் பன்னிரண்டு வயது மிகேல் இறந்தவர்களின் உலகத்துக்குப் போகிறான். ஊர் சிலை வைத்துக் கொண்டாடும் பாடகன்தான் தன் எள்ளுத்தாத்தாவை விஷம் வைத்துக் கொன்றவன் என்று கண்டுபிடிக்கிறான். உலகமெங்கும் குழந்தைகள் பார்த்த வணிகப் படம் கொலைகாரனைப் பெயர் சொல்லிக் காட்டியது. இறந்தவரை ஆண்டுதோறும் நினைத்துப் படைக்கும் கடமையோடு முடிந்தது. இங்கே மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021இல் வந்தது. பேருந்து நிற்காத ஊரில், சாலையோரம் துடித்துச் செத்த சிறுமி காட்டுப்பேச்சி முகமூடியோடு படம் முழுக்க நடமாடுகிறாள். அவள் யாரையும் பயமுறுத்தவில்லை, யாரும் அவளை விடுவிக்கவும் இல்லை. அவள் இருக்கும்வரை அந்தச் சாலை குற்றவாளிதான். சினிமாவால் முடிந்தது இளையோர் நாவலால் முடியவில்லை என்றால் குறை வகையில் இல்லை, துணிவில் இருக்கிறது.

இதை இப்போது அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. 2024இல் அவற்றின் தொழிலாளர்களுக்கு வேலை முடிந்தது. ஆளற்ற லயன் வீடுகள், மூடுபனி, பழைய பங்களா. அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆவியை உலவவிடும் கதைகள் வரிசைகட்டி வரும் என்று உறுதியாக எதிர்பார்க்கிறேன். அந்தத் தோட்டங்களுக்குச் சொந்தமான சாவுகள் வேறு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒன்று கைக்குழந்தை. ஒரு பதின்வயதுப் பெண் அந்த ஆற்றில் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் இவர்களைத்தான் சந்திக்க வேண்டும். இவர்களை விட்டுவிட்டுத் துரையின் ஆவியைத் தேடிப் போகும் கதை, ஆற்றில் இறந்தவர்களை இரண்டாம் முறை மறைக்கிறது.

பேயை எழுத வருகிறவர்கள் மூன்று கேள்விக்கு முதலில் பதில் வைத்திருக்கட்டும். செத்தவர் பெயர் என்ன? கொன்றவர் யார்? அந்தச் சாவால் இன்று ஆதாயம் அனுபவிப்பவர் யார்? மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு அதற்குமேல் எத்தனை சுரங்கப்பாதை வேண்டுமானாலும் தோண்டலாம். பிள்ளைகள் கூடவே இறங்குவார்கள். அந்தத் துணிவு இல்லாதவர்களுக்கும் களக்காட்டில் எழுத நிறைய இருக்கிறது. மலை இருக்கிறது, புலி இருக்கிறது, அருவி இருக்கிறது. அவற்றை வைத்து நல்ல சாகசம் எழுதலாம். செத்தவர்களை மட்டும் வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம். அவர்கள் கதைக்காகக் காத்திருக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.