தீயும் நீரும்: ஈவ் கிளைனின் தீ ஓவியங்கள் குறித்து

தீயினாலும் புகையினாலும் ஆக்கப்பட்ட ஓவியமொன்றை முதன்முறை காண்பவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே. இதில் ஓவியனுக்குரிய பங்கு யாது? மட்டையொன்றைச் சுடர்முன் பிடித்தால் எவர் கையிலும் அது கருகத்தான் செய்யும். ஈவ் கிளைனின் தீ ஓவியமொன்றின் அச்சுப்படத்தைப் பார்த்த விடுதி நண்பரொருவர், “எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் இதைவிடத் திறம்” என்றார். இக்கூற்று நகைப்புக்குரியதன்று. அரூப ஓவியத்தின்மீது நம்மவர் நெடுங்காலமாகச் சுமத்திவரும் குற்றச்சாட்டு முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது. பயிற்சி வேண்டாத, பொருள் சுட்டாத, மக்கள் வாழ்வைத் தொடாத கலை இது என்பதே அக்குற்றச்சாட்டு. நானும் அக்கருத்தினனாகவே இருந்தேன். இன்று முழுமையாக அவ்வாறு கூற இயலவில்லை. அதற்கான காரணத்தை விளக்கவே இதனை எழுதுகின்றேன்.

கிளைன் 1928இல் பிரான்சின் நீஸ் நகரிற் பிறந்தவர். ஜப்பான் சென்று யூடோ பயின்றவர். தூய நீலம் ஒன்றையே பலகை முழுவதும் பூசிய ஓவியங்களாற் பெயர் பெற்றவர். 1957இல் அத்தகைய நீலப் பலகையொன்றில் வாணங்களைப் பொருத்தி எரித்துக் காட்டினார். அது இன்னமும் வேடிக்கையின் எல்லையிலேயே நின்றது. 1961இன் தொடக்கத்தில், ஜேர்மனியின் கிறெபெல்ட் நகர நூதனசாலையில் நடந்த கண்காட்சியின்போது, தோட்டத்தில் வாயுச் சுடர்களை நீரூற்றுப்போல எழச்செய்தார். அச்சுடர்களிற் காகிதத்தைக் காட்டிச் சுவடு எடுத்ததிலிருந்தே தீ ஓவியம் பிறந்தது எனலாம். அதே ஆண்டில், பாரிசுக்கு வடக்கேயுள்ள காஸ் டி பிரான்ஸ் நிறுவனத்தின் பரிசோதனை நிலையத்தில், பெரிய வாயுச் சுடர்க்குழாயைக் கையிலேந்தித் தொடர்ச்சியாகப் பல ஓவியங்களை ஆக்கினார். 1962 யூன் 6ஆந் திகதி மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 34. ஆக, இவ்வகை ஓவியத்திற்கு அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஒன்றரை வருடமே.

இனி, வேலை நடந்த முறையை நோக்குவோம். அவர் தெரிந்துகொண்டது எளிதில் தீப்பற்றாத, சுவீடனிற் செய்யப்பட்ட, அழுத்திய தடித்த மட்டை. சுடர் அதனைத் தீண்டும்போது அருகே தீயணைப்பு வீரர் ஒருவர் நீர்க்குழாயுடன் நின்றார். இந்நிகழ்வின் திரைப்படப் பதிவில் அவரையும் காணலாம். பெரும்பாலான விமரிசகர் அவரைப் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டவராக மட்டும் கருதிக் கடந்து செல்கின்றனர். எனக்கோ அவரே திறவுகோலாகத் தோன்றுகின்றார். நீர் பட்ட இடத்திற் சுடர் ஏறவில்லை. அவ்விடம் வெளிறி நிற்கின்றது. நீர் வழிந்த பாதை கோடாகின்றது. சூடு மிகுந்த இடம் கருமையாகவும், அதனைச் சூழ்ந்த இடம் கபிலமாகவும், அதற்கப்பால் தேன் நிறமாகவும் மங்கிச் செல்கின்றது. சில படங்களில் வட்டச் சுடர்கள் வரிசையாகப் பதிந்து, நடுவே ஒளியும் விளிம்பிலே கரியுமாகத் தெரிகின்றன. எரித்தல் எவர்க்கும் எளிது. எரிவதை எக்கணத்தில் நிறுத்துவது என்பதே இங்கு ஓவியனின் தீர்ப்பு. ஒரு கணம் பிந்தினால் மட்டையில் ஓட்டை. முந்தினால் வெறும் மஞ்சட் கறை. அடுப்படிச் சுவரில் இத்தீர்ப்பு இல்லை. அங்கே புகை படிந்தது. எவரும் அதனை நிறுத்தவில்லை.

புகைக்கரி நமக்குப் புதியதன்று. விளக்குக் கரியிலிருந்தே கண்ணுக்கு மையிட்டோம். ஏட்டிற் கீறிய எழுத்துக் கண்ணுக்குத் தெரியவும் கரியையே பூசினோம். ஆயினும் அங்கே கரி கையின் ஏவலுக்கு அடங்கிய நிறப்பொருள். வொல்ப்காங் பாலன் 1930களில் மெழுகுவர்த்திப் புகையைத் திரையிற் படியவிட்டபோதும், பின்னர் தூரிகையெடுத்து அக்கறைகளை உருவங்களாக வளர்த்தார். கிளைன் தூரிகையை எடுக்கவில்லை. தீ சென்ற இடத்திலேயே ஓவியமும் முடிகின்றது.

ஒட்டோ பீனெயை இவருடன் ஒப்பிடுதல் பயன்தரும். அவரும் 1928இற் பிறந்தவரே. ஆனால் ஜேர்மனியர், பதின்பருவத்திலேயே விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவிற் சேர்க்கப்பட்டு, இரவு வானில் ஒளி என்றால் அழிவு என்பதைக் கண்டவர். 1959 அளவில் அவர் துளைத்தட்டுகளினூடாகப் புகையைச் செலுத்தி, அணியணியான புள்ளிகளாகப் படியவைத்தார். அப்படங்களில் அச்சமும் அதனை வெல்லும் ஒழுங்கும் ஒருங்கே உள. கிளைனின் தீயில் அந்த அச்சம் இல்லை. அது நிறுவனமொன்றின் குழாய்வழி வந்து, காவலாளி அருகிருக்க எரிந்த தீ. இதனைக் குறையென்றே கருதுகின்றேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏட்டுச் சுவடிகளும் அதனுடன் போயின. நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. எனினும், அழகான தீ என்ற தொடரைத் தயக்கமின்றி எழுத என்னால் இயலவில்லை. நீர்க்குழாயுடன் நிற்கும் அம்மனிதரை நான் தேடிப் பார்ப்பதற்கு ஒருவேளை இதுவே காரணமாகலாம்.

வேறொரு குறையும் உண்டு. சில படங்களிற் பெண்களின் நனைந்த உடல்களை மட்டையில் ஒற்றியெடுத்து, அவ்வீரம் காத்த உருவத்தைச் சுற்றித் தீயைச் செலுத்தினார். உருவம் தெரிவதால் இவையே பலரைக் கவர்கின்றன. இவ்வகையில், நிறங்களும் சேர்ந்த 1962ஆம் ஆண்டுப் படமொன்று, 2012இல் நியூயோர்க்கில் 3 கோடி 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. எனக்கு இவை தளர்ந்த படைப்புகளாகவே படுகின்றன. அப்பெண்கள் இங்கே கருவிகள், ஏவியவர் ஓவியர். தீக்கும் நீருக்கும் இடையிலான வழக்கு, கண்காட்சிக் கூடத்துக் கிளுகிளுப்பாகச் சிறுத்துவிடுகின்றது.

உருவமெதுவுமற்ற படங்களுக்கே நான் மீளமீளச் செல்கின்றேன். அவற்றுளொன்றில் இடப்பக்கம் முழுவதும் கருகியிருக்கின்றது. மேலிருந்து இறங்கிய நீர்க்கோடு ஒன்று பாதிவழியில் ஆவியாகி மறைந்துள்ளது. அக்கோட்டிற்கு வலப்புறம் மட்டை அதன் சொந்த நிறத்திலேயே இருக்கின்றது. விடுதி நண்பரிடம் அந்தப் படத்தை இன்னும் காட்டவில்லை.