அடகும் ஆநிரையும்: இரட்சணிய யாத்திரிகத்தில் மீட்பு

இயேசுவின் சிலுவைச் சாவு மாந்தரின் பாவத்தை எவ்வாறு நீக்கிற்று என்பது கிறித்தவ இறையியலின் நடுவணதான வினாவாகும். இதனைத் தமிழில் சொல்ல முற்பட்டோர் இரட்சிப்பு, மீட்பு, பாவநிவர்த்தி, ஒப்புரவு எனப் பல சொற்களை ஆண்டுள்ளனர். 1871ஆம் ஆண்டு வெளிவந்த பவர் திருப்புதலில் இரட்சிப்பும் மீட்பும் தனித்தனியே நிற்கின்றன. 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியத்தில் மீட்பு என்ற சொல்லே பெரும்பாலும் இரண்டன் பணியையும் ஏற்றுள்ளது. நல்ல தமிழ் என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதே. எனினும் அச்சொல் தன்னுடன் எப்பொருளையெல்லாம் கொண்டுவருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழில் மீட்டல் இருவகைப்படும். அடகு வைத்த நகையை மீட்பது ஒன்று. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது மற்றொன்று. முன்னதில் விலை உண்டு, அதனைப் பெறுபவனும் உண்டு. பின்னதில் விலையில்லை, போர் உண்டு, வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை இதனைக் கரந்தை எனத் தனித்திணையாக்கும். மேலைத் திருச்சபையின் நெடும் விவாதமும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே. விலை சாத்தானுக்குத் தரப்பட்டது என்றார் ஓரிகன். கடவுளின் மாண்புக்குச் செலுத்தவேண்டிய கடன் தீர்க்கப்பட்டது என்று 1098 அளவில் வாதிட்டார் ஆன்சலம். சிலுவையைத் தீய ஆற்றல்களை வென்ற வெற்றியாகக் கண்ட பழைய மரபை 1930இல் குஸ்தாவ் ஔலன் மீண்டும் முன்வைத்தார். ஔலனுக்குக் கரந்தைத் திணை தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

சி ரூசா முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களின் வரலாற்றை நினைவிற்கொண்டு வாசிப்போர்க்கு அடகுப் பொருளே முதலில் கேட்கும். மலாயாவுக்கு வந்த தமிழரில் பலர் கடனோடு வந்தவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் தடைசெய்யப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டித் தொழிலாளரின் கப்பற்செலவை ஏற்றது. சட்டப்படி அவர்கள் கடனின்றிக் கரையிறங்கினர். ஆயினும் இறங்கிய இடம் துரையின் தோட்டமே. பிறர் விலை கொடுத்துவிட்டனர் என்பதனால் ஒருவன் தனக்குரியவன் ஆகிவிடுவதில்லை. நீங்கள் விலைக்குக் கொள்ளப்பட்டவர்கள், ஆதலால் உங்களுக்கு உரியவர்கள் அல்லீர் என்னும் கருத்தைப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதினார். தோட்டத்து மாந்தர் செவியில் அது நற்செய்தியாக விழுமா, எசமான் மாறிய செய்தியாக விழுமா?

இவ்வினாவோடு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகத்தை அணுகும்போது வியப்பே மிஞ்சுகிறது. 1894இல் நூலாக வெளிவந்த இக்காப்பியத்தின் மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதை. பனியனின் பயணி சிலுவையருகே வந்ததும் முதுகுச்சுமை தானே கழன்று வீழ்கிறது. பாடுகளின் கதை அங்கு விரிவதில்லை. கிருஷ்ணபிள்ளையோ அதனை விரித்துப் பாடுகிறார். தமிழகப் பாடநூல்களில் இடம்பெற்ற ஒரு செய்யுளில், இயேசுவைப் பிணித்தது கயிறென்று எண்ணாதீர், தம்மைப் பகைத்த மக்கள்பால் அவர் கொண்ட அன்பே பிணித்தது என்கிறார். பாசம் என்ற சொல் கயிற்றையும் அன்பையும் ஒருங்கே சுட்டுவதால் செய்யுள் வலிமை பெறுகிறது. வைணவக் குடியில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். யசோதையின் தாம்புக்குக் கட்டுண்ட தாமோதரனை அவர் உள்ளம் மறக்கவில்லை என்றே கருதுகிறோம். இங்கு யாரும் யாருக்கும் விலை தரவில்லை.

பதிலாள் கோட்பாட்டை அவர் கைவிட்டார் என்று இதற்குப் பொருளன்று. கோட்பாடாக அது இருக்கவே செய்கிறது. கவிதையின் உயிர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது என்பதே நம் கருத்து. இதில் ஓர் இடர் உண்டு. கட்டை மனமுவந்து ஏற்றவரின் பெருமையை, மனமின்றிக் கட்டுண்டோர்க்குப் போதிக்கும்போது அது அடக்கத்தைப் பயிற்றும் பாடமாகிவிடக்கூடும். கரந்தை வீரனின் சீற்றம் இப்பகுதியில் இல்லாமை உண்மையிலேயே ஒரு குறைதான். ஆயினும் அறுத்தெறியும் ஆற்றல் உடையவராகவே கவிஞர் அவரைக் காட்டுகிறார். தோட்டக் கூலிக்கு அத்தகைய தெரிவு இருக்கவில்லை. அணிநயம் சொல்லி இச்செய்யுளைக் கடந்துவிடும் ஆசிரியர், இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விடுகிறார். வகுப்பில் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இருப்பின் அது மிகவும் பெரிய விடுபாடாகும்.