'பிக் மிராக்கிள்' திரைப்படத்தில் இனுபியாட் சிறுவனும் திமிங்கில வேட்டை மரபும்

முன்னுரை

கென் குவாப்பிஸ் இயக்கத்தில் 2012இல் வெளிவந்த 'பிக் மிராக்கிள்' திரைப்படம், 1988 அக்டோபரில் அலாஸ்காவின் பாரோ முனையருகே உறைபனியில் சிக்கிய மூன்று சாம்பல் திமிங்கிலங்களை மீட்க நடந்த முயற்சியைக் கதையாக்கியது. செய்தியாளர், சூழலியல் ஆர்வலர், எண்ணெய்த் தொழிலதிபர், அரசு அதிகாரிகள் எனப் பலர் இயங்கும் இக்கதையில் நேத்தன் என்னும் இனுபியாட் சிறுவனும் அவனுடைய தாத்தா மாலிக்கும் இடம்பெறுகின்றனர். வேட்டை மரபை ஓர் இளையவன் கற்கும் முறையை இப்படம் எந்த அளவுக்கு உணர்ந்துள்ளது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பணிவழிக் கல்வி

இனுபியாட் மக்கள் மரபாக வேட்டையாடுவது போஹெட் திமிங்கிலத்தையே; சாம்பல் திமிங்கிலத்தை அன்று. வசந்தகாலத்தில் பனி விளிம்பில் அமையும் முகாமுக்குச் செல்லும் சிறுவன் எறியீட்டியைத் தொடுவதில்லை. குடிநீருக்குப் பனிக்கட்டியை உருக்குதல், தேநீர் வைத்தல், ஓசையின்றி இருத்தல், பனியின் அசைவைக் கவனித்தல் ஆகியவையே அவனுடைய முதற்பாடங்கள். பெண்கள் தைத்த தாடிச் சீல் தோல் போர்த்திய உமியாக் படகில் அவன் ஏறுவது பின்னரே. கிடைத்த இறைச்சி ஊர் முழுவதற்கும் முறைப்படி பங்கிடப்படும். ஜூன் மாத நலுகதாக் விழாவில் உமியாலிக் எனப்படும் குழுத்தலைவர் ஊரை விருந்துக்கு அழைப்பார். எனவே வேட்டை என்பது கொல்லும் திறன் மட்டுமன்று. பொறுமை, பணிவு, பகிர்வு ஆகியவற்றின் பயிற்சியுமாகும்.

படத்தின் பார்வை

கதை அக்டோபரில் நிகழ்வதால் வசந்த முகாமைக் காட்ட வாய்ப்பில்லை என்பது நியாயமே. ஆயினும் மாலிக்கின் அறிவுரைகள் பெரும்பாலும் சொற்களாகவே நிற்கின்றன. நேத்தனின் கைகளுக்கு வேலை குறைவு. ஊரில் குவிந்த செய்தியாளர்களுக்குப் பனியில் காலடியில் இட்டு நிற்க அவன் அட்டைத் துண்டுகளை விற்கும் காட்சி நகைச்சுவைக்காக அமைந்தது. எனினும் குளிரை அறிந்தவன் அவன், அறியாதவர் வந்தவர்கள் என்பதை உரையாடலின் துணையின்றிப் புலப்படுத்துவது அக்காட்சியே.

பெயரிடலும் கருதத்தக்கது. உண்மை நிகழ்வில் அத்திமிங்கிலங்களுக்குப் புட்டு, சிக்கு, கனிக் என்னும் இனுபியாக் பெயர்கள் வழங்கின. அவை முறையே பனித்துளை, பனிக்கட்டி, பனித்துகள் எனப் பொருள்படும். படத்திலோ அவை ஃப்ரெட், வில்மா, பாம்-பாம் என அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரின் பெயர்களைப் பெறுகின்றன. சிறுவனின் தாய்மொழி அவன் ஊர்க் கடலிலேயே இடமிழக்கிறது.

கேட்டல் என்னும் அறிவு

1977இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் போஹெட் வேட்டைக்குத் தடை விதித்தது. வேட்டையர் தமக்கென ஓர் ஆணையத்தை அமைத்து வாதாடியதன் பின், 1978இல் 12 திமிங்கிலங்களைக் கரைசேர்க்கவோ 18 திமிங்கிலங்களைத் தாக்கவோ மட்டும் இசைவு கிடைத்தது. பனிக்கு அடியிலும் விலகியும் செல்லும் திமிங்கிலங்கள் கணக்கில் விடுபட்டன என மூத்த வேட்டையர் கூறினர். பின்னர் நீரடி ஒலிவாங்கிகளைக் கொண்டு நடந்த கணக்கெடுப்பு அவர்கள் கூற்றை உறுதிசெய்தது.

இவ்வரலாறு படத்தில் அழுத்தம் பெறவில்லை. வேட்டையும் மீட்பும் எதிரெதிர் நிலைகளாக நிறுத்தப்படுகின்றன. ஆனால் மூச்சுத் துளைகளை வெட்டி அத்திமிங்கிலங்களை நாள்கணக்கில் உயிரோடு வைத்தவர்கள் வேட்டையரே. அவர்களுக்குப் பனியைக் கற்பித்தது வேட்டையே. உச்சக்காட்சியின் பெருமிதம் சோவியத் பனியுடைப்புக் கப்பலுக்குச் செல்வதால், நேத்தன் தன் முன்னோரிடமிருந்து பெறவேண்டிய அறிவின் மதிப்புக் குறைகிறது.

முடிவுரை

இனுபியாட் சிறுவன் ஒருவனுக்கு இடமளித்தமை படத்தின் சிறப்பு. அவனை மரபின் மாணவனாக இயங்கவிடாமல் பெரும்பாலும் அதைக் கேட்பவனாக நிறுத்தியமை அதன் குறை. உயிர்களைப் போற்றுதலும் வேட்டையாடுதலும் ஒரே அறத்தின் இரு கூறுகளாக வாழும் சமூகத்தை, இரண்டில் ஒன்றைத் தேரச் சொல்லும் கதையமைப்பால் முழுமையாக உணர்த்த இயலாது என்பது இத்திறனாய்வின் முடிபாகும்.