அவசரகாலத்தை வாசித்த பேராசிரியர்: தீபிகா உடகமவின் சட்டப்பணி குறித்து மாத்தளையிலிருந்து ஒரு மதிப்பீடு

1848 ஜூலை 26ஆம் திகதி, பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கலகக்காரர்கள் தம்புள்ளை விகாரையில் தம் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இரண்டு நாளில் மாத்தளை கச்சேரி தாக்கப்பட்டது. ஆளுநர் டொரிங்டன் உடனே கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலகம் சில நாட்களிலேயே அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் வரை நீடித்தது. கலகத்தின் இன்னொரு தலைவரான வீரபுரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டார். இத்தனைக்கும் அதே நாட்களில் கண்டியில் உயர் நீதிமன்றம் கூடி, இராஜத்துரோக வழக்குகளை முறைப்படி விசாரித்துக்கொண்டுதான் இருந்தது. தண்டனை பெற்றவர்களுக்குக் கருணை காட்டும்படி பிரதம நீதியரசர் ஒலிபன்ட் பரிந்துரைத்தார். நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கும்போது இராணுவ நீதிமன்றம் எதற்கு? இந்தக் கேள்வி இலண்டன் பாராளுமன்றத் தெரிவுக்குழு வரை போனது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்ற துறை இலங்கையில் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், நான் மாத்தளையைத்தான் காட்டுவேன். ஆபத்து உண்மையா, ஆபத்து நீங்கிய பிறகும் அதிகாரம் ஏன் நீங்கவில்லை, அதை யார் தட்டிக் கேட்பது என்ற மூன்று கேள்விகளும் அன்றே இங்கு எழுந்துவிட்டன. நம் காலத்தில் இவற்றை விடாமல் கேட்டுவந்தவர்களுள் முக்கியமானவர் பேராதனைப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் பேராசிரியராகப் பணியாற்றிய தீபிகா உடகம. 2015 முதல் 2020 வரை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவராகவும் இருந்தவர். எழுதியதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு சட்ட அறிஞர்களுக்கு அரிதாகவே கிடைக்கும்; அவருக்குக் கிடைத்தது. ஆகவே அவர் பணியை எழுத்து, செயல் இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அவசரகால ஆட்சி குறித்து 2015இல் வெளியான அவருடைய நீண்ட ஆங்கிலக் கட்டுரை இத்துறையில் தவிர்க்க முடியாதது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947இல், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, வேலைநிறுத்தங்களைக் கண்டு மிரண்ட காலனி அரசு விட்டுச்சென்ற கருவி. அதைச் சுதந்திர இலங்கையின் அரசுகள், எந்தக் கட்சியானாலும், ஆவலோடு அணைத்துக்கொண்டன என்பதே உடகமவின் வாதம். 1971 முதல் 2011 வரையான நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை இந்நாடு அவசரகாலத்தின் கீழ்தான் கழித்தது. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. ராதிகா குமாரசுவாமி, அசங்க வெலிகல போன்ற சட்ட அறிஞர்களும் இதே திசையில் எழுதியிருக்கிறார்கள். குடியரசு யாப்பும் நிறைவேற்று ஜனாதிபதி முறையும் அவசரகாலமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்த விதத்தை உடகம காட்டும்போது, இது தனிமனிதக் கொடுங்கோன்மையின் கதை என்ற எளிய விளக்கம் நொறுங்கிவிடுகிறது. அவர் எழுத்தின் முதல் பலம் அது.

அந்தப் பலத்தை மாத்தளை வாசகர் தம் ஊரிலேயே சரிபார்க்கலாம். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்கு மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். 1987–89 கிளர்ச்சிக் காலத்தில் காணாமற்போன இளைஞர்களுடையவை என்று குடும்பங்கள் நம்பின. பின்வந்த ஆய்வுகள் எலும்புகளின் காலம் பற்றி ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. அந்தக் குடும்பங்களுக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் அப்படியொரு சந்தேகம் எழுவதற்கே வழி வகுத்தது சட்டம்தான். மரண விசாரணை இல்லாமலே சடலத்தைப் புதைக்கவோ எரிக்கவோ அனுமதித்த 15ஏ என்ற ஒழுங்குவிதி 1983இல் வர்த்தமானியில் வந்தது. ஒழுங்குவிதிகளின் இலக்கங்களையும் துணைப்பிரிவுகளையும் பேராசிரியர்கள் சலிக்காமல் எழுதுவதை வறட்டு வேலை என்று நினைப்பவர்கள், அந்த ஒரு விதியை மாத்தளை வைத்தியசாலை வளவில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனிக் குறைக்கு வருகிறேன். அவசரகாலம் பற்றிய உடகமவின் வாசிப்பு முழுவதும் பிரகடனத்தைச் சுற்றியே கட்டப்பட்டது. ஜனாதிபதி கையொப்பமிடுகிறார், வர்த்தமானி வருகிறது, பாராளுமன்றம் அங்கீகரிக்கிறது, உயர் நீதிமன்றம் ஆராய்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு தாள் உண்டு. தாள் இருந்தால் கேள்வி கேட்கலாம். இணையவெளி வந்தபின் அதிகாரம் தாளை விட்டு விலகிவிட்டது.

2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகாலம் பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் முடக்கப்பட்டன; பேஸ்புக் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அந்த நாட்களில் வன்முறை அக்குறணைக்கும் வந்தது. அக்குறணை கண்டி மாவட்டம்தான். ஆனால் ஏ9 வீதியில் மாத்தளைக்குப் போகும் வழியில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலாலும் கலியாண உறவாலும் உக்குவளையும் மாத்தளை நகரமும் அதோடு பின்னிக் கிடக்கின்றன. வெறுப்பைப் பரப்பியவனின் கைப்பேசியும், உம்மா பத்திரமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிய பிள்ளையின் கைப்பேசியும் ஒரே ஆணையால் அடங்கின. அந்த ஆணையின் அளவுப் பொருத்தத்தை ஆராய, காரணங்கள் எழுதிய தாள் ஒன்று பொதுமக்கள் கைக்கு வந்ததா? இல்லை.

இந்தியாவில் காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், 2020 ஜனவரியில், இணையத்தை முடக்கும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையின்றி நீடிக்கக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. காஷ்மீருக்கு அதனால் உடனடி விடிவு வந்துவிடவில்லை. ஆனாலும் வழக்காடப் பிடி ஒன்று கிடைத்தது. நமது சட்டப் புலமை அவசரகாலத்தைப் பற்றி அலமாரி நிறைய எழுதியிருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து போகும் ஒரு வேண்டுகோளின் சட்டத்தகுதி என்ன என்பது பற்றி அந்த ஆழத்தில் எழுதவில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் திரும்ப முடக்கப்பட்டபோது நடந்ததும் அப்படியொரு வேண்டுகோள்தான். மனித உரிமைகள் ஆணைக்குழு அன்றே அதிகாரிகளை அழைத்து விசாரித்தது; அன்றைக்கே தடை நீங்கியது. உடகம அப்போது தலைவர் அல்லர்.

இன்னொரு குறை ஆழமானது. உரிமைச் சட்ட மரபு அரசைக் கண்காணிக்கப் பிறந்தது. கூட்டத்தையும் கம்பெனியையும் எதிர்கொள்ளும்போது அதற்குச் சொல் தடுமாறுகிறது. 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, தம்புள்ளைப் பள்ளிவாசலை ஒரு கூட்டம் முற்றுகையிட்டது. ஜும்ஆத் தொழுகை நடக்கவில்லை. கூட்டத்தில் பேசப்பட்ட பேச்சு காணொளியாக இணையத்தில் ஓடியது. மாத்தளை மாவட்டத்தில் கைப்பேசி வைத்திருந்த எல்லாரும் பார்த்தார்கள் என்றே சொல்லலாம். இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை (ஐ.சி.சி.பி.ஆர்) சட்டம் 2007இலிருந்தே நடைமுறையில் இருந்தது. பள்ளிவாசல் முன் கூட்டத்தை நடத்தியவர்களை அது தொடவில்லை. திகனயிலும் சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகள் குறித்து முறையிட்டவர்களைப் பேஸ்புக் கம்பெனி உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. 2020இல்தான் வருத்தம் தெரிவித்தது. அடிப்படை உரிமை மனுவோ யாப்பின்படி அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே செல்லும். கம்பெனியை அதில் இழுக்க முடியாது. இந்த இடைவெளியை உரிமைச் சட்ட அறிஞர்கள் நிரப்பாமல் விட்டதால்தான், அதை நிரப்புவதாகச் சொல்லி அரசு 2024இல் தன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தோடு வந்தது என்பது என் கணிப்பு.

ஆணைக்குழுத் தலைவராக உடகம செய்ததில் மிக மதிக்கத்தக்கது ஐ.சி.சி.பி.ஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவு பற்றிய வேலை. இப்பிரிவின் கீழ் பிடிபட்டவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட சந்தர்ப்பங்களில், கொடுக்கலாம். குற்றம் நிரூபணமானால் பத்தாண்டு வரை சிறை. சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய இந்தச் சட்டம் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு அவர்கள் மீதே பாய்ந்தது. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுத்தியிருந்த ஆடையில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைப் பொலிஸார் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சூழலில்தான் ஆணைக்குழு 3ஆம் பிரிவு பற்றிய சட்டப் பகுப்பாய்வொன்றைத் தயாரித்துப் பொலிஸ் மா அதிபருக்கு அனுப்பியது. மனம் புண்பட்டது என்பது போதாது, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுவதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிலையப் பொறுப்பதிகாரி ஒருவர் கையில் வைத்துப் படிக்கக்கூடிய கருத்து இது. சட்டப் புலமை இப்படி இறங்கி வரும்போதுதான் பயன்படுகிறது.

அந்தப் பகுப்பாய்வு எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு கட்டுகஸ்தோட்டை சாட்சி. ஓய்வுபெற்ற அரச அலுவலரான ரம்ஸி ராஸிக் 2020 ஏப்ரலில் பேஸ்புக்கில் சிங்களத்தில் ஒரு பதிவிட்டார். வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் சிந்தனைப் போராட்டம் நடத்த வேண்டும் என்பது அதன் கருத்து. ‘ஜிஹாத்’ என்ற சொல் அதில் இருந்தது. கொலை மிரட்டல் வருகிறது என்று பொலிஸுக்கு முறையிட்டவர் அவர், கைதானவரும் அவரே. ஐ.சி.சி.பி.ஆர் சட்டமும் கணினிக் குற்றங்கள் சட்டமும் சேர்த்துப் போடப்பட்டன. விமர்சிப்பதற்காக மட்டும் ஆட்களைக் கைது செய்யக்கூடாது என்று ஆணைக்குழு அதே மாதம் 25ஆம் திகதி பொலிஸுக்கு எழுதியது. ராஸிக்குக்குப் பிணை கிடைத்தது செப்டெம்பரில். அவர் உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். ஆணைக்குழுவின் பரிந்துரை எவரையும் கட்டுப்படுத்தாது. சரியாக எழுதப்பட்ட கடிதம் ஒருபுறம் இருக்க, நோயாளியான ஒரு மனிதர் ஐந்து மாதம் விளக்கமறியலில் இருந்தார். இதைப் பேராசிரியரின் தோல்வி என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. அவர் கையில் இருந்த கருவியே அவ்வளவுதான். ஆனால் அந்தக் கருவியின் போதாமையை அவர் பதவி விலகிய பிறகாவது விரிவாக எழுதியிருந்தால், அடுத்து வருபவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

இந்த மரபு நீண்ட காலத்தில் பலன் தருகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க கொண்டுவந்த அவசரகால நடவடிக்கை அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. முன்னொரு காலத்தில் நீதியரசர்கள் தொடத் தயங்கிய இடம் அது. முப்பது ஆண்டுகளாகப் பேராசிரியர்கள் எழுதிச் சேர்த்த வாதங்கள் இல்லாமல் அந்தத் தீர்ப்புக்கான நிலம் பண்பட்டிருக்காது.

மாத்தளையில் இருந்து பார்த்தால் மிஞ்சி நிற்கும் மனக்குறை மொழியும் தூரமும் பற்றியது. அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்த ஒரு மாதத்துக்குள், கொழும்பில், உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. றத்தோட்டைத் தோட்டத்தில் மகனைப் பொலிஸ் கூட்டிப்போன தாய்க்கு, அவசரகாலம் பற்றிய எல்லாக் கோட்பாடுகளையும்விட இந்த ஒரு பிரிவு உடனே உதவும். அதைத் தமிழில் அவர் கையில் கொடுக்கும் எழுத்து எங்கே? உடகமவின் முக்கியமான ஆய்வுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல மதிப்புரை வாசிக்கக்கூட நாம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இந்தப் பழியில் தமிழ் இதழ்களுக்கும் பங்கு உண்டு.

இப்போது களம் மாறிவிட்டது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டும் ஒன்று. மசோதாவுக்கு எதிராக நாற்பத்தைந்து மனுக்கள் போயின. முப்பத்தொரு வாசகங்கள் திருத்தப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் திருத்தங்கள் முழுமையாகச் சேரவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு குறைகூறியும், சட்டம் பெப்ரவரி 1ஆம் திகதி சான்றுப்படுத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது. இதற்கு எந்த அவசரகாலப் பிரகடனமும் வேண்டியதில்லை. ஒரு பதிவால் பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் நேரே நீதவான் நீதிமன்றம் போய் ஆணை கேட்கலாம். அகற்றும்படி அறிவித்தல் வந்தால் இருபத்து நான்கு மணி நேரம்தான் அவகாசம். சாதாரண வழக்கிலோ கணினிச் சான்றை முன்வைக்க விரும்பும் தரப்பு நாற்பத்தைந்து நாள் முன்கூட்டி எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டின் சான்றுச் (விசேட ஏற்பாடுகள்) சட்டம். பொய்யான திரைப்பிடிப்பு எது, வெட்டி ஒட்டியது எது என்று பார்க்கத்தான் அந்த அவகாசம்.

ஆகவே அடுத்த ஆய்வு நடக்க வேண்டிய இடம் மாத்தளை நீதவான் நீதிமன்றம் போன்ற இடங்கள். பேராதனையிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவுதான். பொலிஸார் தாக்கல் செய்யும் பீ அறிக்கையில் ஒரு பதிவை எந்தப் பிரிவின் கீழ் போடுகிறார்கள், எந்த மொழியில் இருந்த பதிவை எந்த மொழியில் யார் பெயர்த்து இணைக்கிறார்கள், கைப்பேசியை எந்த அதிகாரத்தின் கீழ் எடுத்து எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள், பிணை மறுக்கச் சொல்லும் காரணம் என்ன என்று ஒரு சட்ட மாணவர் குழு ஓராண்டு உட்கார்ந்து குறித்தால், வர்த்தமானியில் ஒருபோதும் வராத ஒரு தேசியப் பாதுகாப்புச் சட்டம் நம் கண்முன் வரும். 15ஏ விதியைத் தேடிப் படித்துக் காட்டிய அதே பொறுமையோடு அந்தப் பீ அறிக்கைகளையும் படிக்க உடகமவின் மாணவர்களால் முடியும்.